அண்டார்க்டிகாவையும் அதன் கடலடியையும் வரைய எந்தத் தரவை எடுப்பது?

அண்டார்க்டிகாவின் தரைத்தோற்றத்தையும் அதைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் அடித்தளத்தையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் மிக நுணுக்கமானது எது? இதற்கு நேரடியான விடை உண்டு. ரீமா என்னும் தரவு 2 மீட்டர் கட்ட அளவில், அதாவது 2 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் என்று, கிடைக்கிறது. ஆனால் அந்த விடையை நம்பி ரீமாவை இறக்கியவருக்குக் கடலடியும் இருக்காது, பனிக்கு அடியில் உள்ள பாறையும் இருக்காது. பனியின் மேல்தோல் மட்டுமே கையில் இருக்கும்.

மற்றக் கண்டங்களில் தரை என்றால் எல்லாரும் ஒன்றையே நினைக்கிறோம். ஏறக்குறைய 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரந்த இந்தக் கண்டத்தில் பனி மூடாத பாறை நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், எதைத் தரை என்று கொள்வது என்பதை வரைபவரே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அந்த முடிவை எடுக்காமல் கோப்பை இறக்குவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். இங்கே ஐந்து தரவுகளை எடுத்துக்கொள்கிறேன்: உலகளாவிய ஜெப்கோ, தென்பெருங்கடலுக்கென்றே உருவான ஐபிசிஎஸ்ஓ, பனிக்கு அடியில் உள்ள பாறையைத் தரும் பெட்மெஷின், பெட்மேப்3, பனியின் மேற்பரப்பை மட்டும் தரும் ரீமா.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பரப்பு. கண்டத்தின் உள்பகுதியில் பனியின் மேற்பரப்பு, அதன் அடியில் பாறை என இரண்டு பரப்புகள் உள்ளன. கரையை ஒட்டி, பனி கடலுக்குள் நீண்டு மிதக்கும் இடங்களில் மூன்று: மிதக்கும் பனித்தட்டின் மேல்முகம், அதன் அடிமுகம், அதற்கும் கீழே இடைவெளி நீரைத் தாண்டிக் கடலடி. ராஸ் பனித்தட்டு ஒன்று மட்டுமே பிரான்சு நாட்டின் பரப்பளவுக்கு நெருங்கி வருகிறது. அங்கே 'உயரம்' என்று ஒற்றை எண்ணைத் தரும் கோப்பு, மூன்றில் இரண்டை மறைத்துவிட்டே அதைத் தருகிறது.

இரண்டாவது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது. நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான். பல ஒலிக்கற்றைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மல்டிபீம் ஒலிமானி பொருத்திய கப்பல், தான் செல்லும் வழியின் இருபுறமும் சேர்த்து, ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு அகலமுள்ள பட்டையை அளந்துகொண்டே போகும். ஒரு பாகை அகலக் கற்றை 4,000 மீட்டர் ஆழத்தில் தொடும் இடம் ஏறத்தாழ 70 மீட்டர் அகலம்தான். கப்பல் போகாத இடத்தில் வேறு வழி: கடலடி மலையின் நிறை நீரைத் தன் பக்கம் இழுப்பதால் 2,000 மீட்டர் உயர மலைக்கு மேலே கடல்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் புடைத்து நிற்கிறது, அந்தப் புடைப்பைச் செயற்கைக்கோள் அளக்க, அதிலிருந்து ஆழம் ஊகிக்கப்படுகிறது. அந்த ஊகத்தால் பல கிலோமீட்டர் அகலமுள்ள மேடுபள்ளங்களை மட்டுமே பிடிக்க முடியும், கடல்பனி மிதக்கும் நீரில் அதுவும் தடுமாறும். இரண்டு வகை எண்களும் ஒரே 500 மீட்டர் கட்டத்தில், ஒரே நிறத்தில், ஒரே நம்பிக்கையோடு திரையில் உட்கார்ந்திருக்கும். அளந்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துக் காட்டும் அடுக்கு கோப்போடு வருகிறதா என்று பார்க்கவேண்டும். 2025 ஜூன் கணக்குப்படி உலகக் கடலடியில் 27.3 விழுக்காடுதான் நேரடியாக அளக்கப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, சுழி எங்கே என்பது. சில தரவுகள் உயரத்தைக் கடல்மட்டத்தோடு ஒத்துப்போகும் ஜியாய்டிலிருந்து கணக்கிடுகின்றன. சில, பூமியின் வடிவத்துக்கு நிகராகக் கணிதத்தில் வரையப்பட்ட நீள்கோளத்திலிருந்து கணக்கிடுகின்றன. நான்காவது, வீழ்ப்பும் (உருண்டையான பூமியைத் தட்டையான படமாக்கும் முறை) கட்டத்தின் வடிவமும். ஐந்தாவது, கோப்பின் எடை. இவை மூன்றும் சில்லறை விஷயங்கள்போலத் தோன்றும்; நேரத்தைத் தின்பவை இவைதான்.

| தரவு | தரும் பரப்பு | கட்ட அளவு | சுழி | வீழ்ப்பு |
|---|---|---|---|---|
| ஜெப்கோ | கடலடி. நிலத்தில் பனி மேற்பரப்பு அல்லது பாறை (தனித்தனிக் கோப்பு) | 15 விகலை (விகலை: ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) | கடல்மட்டம் | அட்ச, தீர்க்கரேகை |
| ஐபிசிஎஸ்ஓ இரண்டாம் பதிப்பு | அதே இரண்டு வடிவங்கள், 50 பாகைக்குத் தெற்கே | 500 மீ | கடல்மட்டம் | துருவ வீழ்ப்பு, 65 பாகை |
| பெட்மெஷின் | மேற்பரப்பு, பனித்தடிமன், பாறை, கடலடி | 500 மீ | ஜியாய்டு | துருவ வீழ்ப்பு, 71 பாகை |
| பெட்மேப்3 | மேற்பரப்பு, பனித்தடிமன், பாறை, கடலடி | 500 மீ | ஜியாய்டு | துருவ வீழ்ப்பு, 71 பாகை |
| ரீமா | பனியின் மேற்பரப்பு மட்டும் | 2 மீ | நீள்கோளம் | துருவ வீழ்ப்பு, 71 பாகை |

## ஜெப்கோ

மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆதரவில் 1903-இல் தொடங்கிய உலகக் கடலடி வரைபடப் பணியின் இன்றைய வடிவம் இது. பொதுவுடைமையாகத் தரப்படுகிறது, எந்த மென்பொருளும் மறுபேச்சின்றித் திறக்கும், தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் அண்டார்க்டிகாவையும் ஒரே சட்டத்தில் காட்டவேண்டிய பள்ளி வரைபடத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை. உலகம் முழுவதற்குமான கோப்பில் 86,400 நிரல்களும் 43,200 நிரைகளும், ஆக 373 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருக்கும் என்பதால், வேண்டிய சதுரத்தை மட்டும் வெட்டி இறக்குவதே நல்லது.

மறைந்திருக்கும் செலவு கட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது. 15 விகலை என்பது நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 463 மீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதால், இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் 70.8 பாகைத் தெற்கில் அதே கட்டம் கிழக்கு மேற்காக 153 மீட்டராகச் சுருங்குகிறது. 85 பாகையில் 40 மீட்டர். வடக்கு தெற்காக மட்டும் 463 மீட்டர் அப்படியே நிற்கிறது. சாய்வு, நிழல் முதலியவற்றை இந்தக் கட்டத்திலேயே கணக்கிட்டால் மலைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சீவப்பட்டதுபோல் தெரியும். துருவ வீழ்ப்புக்கு மாற்றிய பிறகே அந்தக் கணக்கில் இறங்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022-க்குப் பிந்திய ஜெப்கோவில் 50 பாகைக்குத் தெற்கே இருப்பது பெரும்பாலும் ஐபிசிஎஸ்ஓவேதான். ஆகவே அண்டார்க்டிகாவைப் பொறுத்தவரை 'இரண்டில் எதன் ஆழம் சரி' என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரே அரிசியை இரண்டு சாக்கில் வாங்கி ருசி பார்ப்பது போன்றது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பு வெளியிடும் ஈடோப்போ 2022 தரவும் இதே 15 விகலைக் கட்டத்தில், இதே இரண்டு வடிவங்களில் வருகிறது; கட்டத்தைப் பற்றி மேலே சொன்ன குறை அதற்கும் உண்டு.

## ஐபிசிஎஸ்ஓ

ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வேகனர் நிறுவனம் முன்னின்று நடத்தும் பணி இது. 2013-இல் வந்த முதல் பதிப்பு 60 பாகையோடு நின்றது. அதனால் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணை நடுவில் வெட்டுப்பட்டது, தெற்குச் சாண்ட்விச் அகழியின் தென்முனை மட்டும் படத்துக்குள் வந்தது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு 50 பாகை வரை விரிந்ததால் இரண்டும் முழுமையாகக் கிடைக்கின்றன. அந்த அகழியின் தென்கோடியில், 60 பாகையைத் தாண்டியதும், 7,432 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஃபாக்டோரியன் பள்ளம்தான் தென்பெருங்கடலின் மிக ஆழமான இடம்.

கடலடியே வரைபடத்தின் மையம் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன். காரணம் ஆழங்களின் கோப்பைவிட, அதோடு வரும் வகைக்குறி அடுக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மல்டிபீமா, ஒற்றைக் கற்றையா, நில அதிர்வு ஆய்வின்போது கிடைத்ததா, அக்கம்பக்கத்து அளவுகளிலிருந்து இடையீடு செய்து நிரப்பியதா என்று ஓர் எண் அதில் இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து பார்த்தவர், பிறகு ஆழ வரைபடத்தைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார். ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சரக்குக் கப்பல்கள் வழக்கமாகப் போய்வரும் தடங்கள் நூல்கண்டைப் பிரித்துப் போட்டதுபோல் தெரியும். அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் நூல்கள் நெருங்கித் துணியாகியிருக்கும். பசிபிக் பக்கத்தின் பெரும்பரப்பு வெறுமையாகக் கிடக்கும். நேரடி அளவை உள்ள பரப்பு மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதில் உள்ள பொறி வீழ்ப்பு. அண்டார்க்டிகத் தரவுகளில் பெரும்பாலானவை 71 பாகையை நிலையான அட்சரேகையாக (அளவுகோல் பிசகாமல் இருக்கும் கோடாக) கொண்ட, இபிஎஸ்ஜி 3031 என்ற குறியெண்ணுள்ள வீழ்ப்பில் வருகின்றன. ஐபிசிஎஸ்ஓ 65 பாகையைக் கொண்ட இபிஎஸ்ஜி 9354-இல் வருகிறது. இரண்டும் துருவத்தை நடுவில் வைத்த வட்டப் படங்கள். திரையில் அடுத்தடுத்துத் திறந்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அளவுகோலில் ஏறக்குறைய 2 விழுக்காடு வேறுபாடு உண்டு. கோப்பில் வீழ்ப்புத் தகவல் விடுபட்டு, மென்பொருளும் தானாக 3031 என்று வைத்துக்கொண்டால், துருவத்திலிருந்து 2,000 கிலோமீட்டரில் இருக்கும் கரை 40 கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்காரும். உருவம் கலையாமல் இடம் மட்டும் பெயர்வதால் பிழையைக் கண்ணால் பிடிப்பது கடினம். தெரிந்த ஒரு தீவை வைத்துச் சரிபார்ப்பதே வழி.

## பெட்மெஷின், பெட்மேப்3

பனிக்கு அடியில் உள்ள பாறையை எந்தச் செயற்கைக்கோளும் இதுவரை நேராகப் பார்த்ததில்லை. விமானத்திலிருந்து ரேடார் துடிப்பை அனுப்பி, பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். பனிக்குள் அந்த அலை ஒரு மைக்ரோநொடிக்கு 168 மீட்டர் போகும். எதிரொலி 36 மைக்ரோநொடி கழித்து வந்தால் பனியின் தடிமன் ஏறத்தாழ 3,000 மீட்டர். இந்த அளவை விமானம் பறந்த கோட்டுக்கு நேர்கீழே மட்டும்தான் கிடைக்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் என்ன செய்வது என்பதில்தான் இரண்டு தரவுகளும் பிரிகின்றன.

பெட்மேப் வரிசை பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தின் தலைமையில் 2001-இலும் 2013-இலும் 2025-இலும் வந்தது. கிடைத்த அளவைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, இடைவெளிகளைப் புள்ளியியல் முறையில் நிரப்புவது அதன் வழி. 2013 பதிப்பின் கட்டம் 1 கிலோமீட்டர்; புதியதன் கட்டம் 500 மீட்டர். கண்டத்தின் மிகத் தடித்த பனி வில்க்ஸ் நிலத்தில் பெயரிடப்படாத ஒரு பள்ளத்தில் 4,757 மீட்டர் இருக்கிறது என்று புதிய பதிப்பு காட்டுகிறது. அதற்கு முன் அந்தப் பெருமை அஸ்ட்ரோலாப் படுகைக்கு இருந்தது. அளவைப் புள்ளிகளையும் தனியே தருவதால், கட்டத்தை நம்பாமல் மூலத்தையே பார்க்க விரும்புபவருக்கு இது ஏற்றது.

பனியாற்றியல் ஆய்வாளர் மத்தியூ மோர்லிகெமின் குழு 2019-இல் வெளியிட்ட பெட்மெஷின் பனியாறுகளின் விஷயத்தில் இன்னொரு வழியைப் பிடிக்கிறது. ஒரு பனியாற்றின் குறுக்கே பாயும் பனியின் அளவு வேகத்தையும் தடிமனையும் பொறுத்தது. மேலே விழும் பனியும் கரைவதும் தெரிந்தால், உள்ளே வந்த பனி எங்கோ வெளியேறியே தீரவேண்டும். வேகத்தைச் செயற்கைக்கோள் தருவதால், பறந்த கோடுகளுக்கு இடையே தடிமனைக் கணக்கிட்டுவிடலாம். டென்மன் பனியாறு இதற்கு நல்ல உதாரணம். குறுகிய ஆழமான பள்ளம் என்பதால் பக்கச்சுவர்களின் எதிரொலி அடித்தளத்தின் எதிரொலியை மறைத்துவிட, ரேடார் அங்கே ஏமாந்தது. பனியின் வரவுசெலவுக் கணக்கோ பள்ளம் கடல்மட்டத்துக்குக் கீழே 3,500 மீட்டர் வரை இறங்கினால்தான் நேர்படும் என்று காட்டியது. ஆண்டுக்குச் சில மீட்டர் மட்டும் நகரும் உள்பகுதியில் இந்தக் கணக்குக்குப் பிடி இல்லை. அங்கே பெட்மெஷினும் இடையீட்டுக்கே திரும்புகிறது.

எனவே கரையோரப் பனியாறுகளும் அவை கடலில் சேரும் இடங்களும் முக்கியமானால் பெட்மெஷின். கண்டத்தின் உள்பகுதியும் புதிய ரேடார் கோடுகளும் முக்கியமானால் பெட்மேப்3. பெட்மெஷினை இறக்க நாசாவின் கணக்கு ஒன்று தொடங்கவேண்டும், காசு கிடையாது. அதில் பாறை உயரத்துக்கான பிழை அடுக்கும், எண் வந்த வழியைச் சொல்லும் அடுக்கும், ஜியாய்டு அடுக்கும் ஒரே கோப்பில் இருப்பது பெரிய வசதி. பனித்தட்டுகளின் அடியில் இருக்கும் கடலடியில் மட்டும் இரண்டிடமும் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. ராஸ் பனித்தட்டின் கீழே 1970-களில் சுமார் 55 கிலோமீட்டருக்கு ஒன்றாக எடுத்த நில அதிர்வு அளவைகளே நெடுங்காலம் ஆதாரமாக இருந்தன; 2015 முதல் 2017 வரை விமானத்திலிருந்து ஈர்ப்புவிசையை அளந்த பிறகே படம் ஓரளவு தெளிந்தது.

பாறைப் பரப்பை வரைபவர்கள் விழும் ஒரு குழியைச் சொல்லாமல் போக முடியவில்லை. பனியை நீக்கிய பாறையை வரைந்து, சுழிக்குக் கீழே உள்ளதையெல்லாம் நீலமாக்கி, 'பனி உருகினால் அண்டார்க்டிகா' என்று தலைப்பிட்டுச் சுவரொட்டி போடுகிறார்கள். அது பனி உருகிய கண்டமல்ல. பனியின் பாரத்தால் பாறை இன்று அமுங்கிக் கிடக்கிறது. பாரம் நீங்கினால், நீக்கிய பனித்தடிமனில் கால் பங்குக்குச் சற்று மேலான அளவுக்கு அது பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல எழும். கடல்மட்டமும் 58 மீட்டர் வரை உயர்ந்திருக்கும். கரைக்கோடு முற்றிலும் வேறாக இருக்கும்.

## ரீமா

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இயங்கும் துருவப் புவிவெளி மையம் வெளியிடுவது இது. வேர்ல்ட்வியூ வரிசைச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களை இணைத்து உயரம் கணக்கிடுகிறார்கள். 2018-இல் 8 மீட்டர் கட்டத்தில் வந்தது. 2022-இல் 2 மீட்டராயிற்று.

சிறிய இடத்துக்கு இதற்கு இணை இல்லை. மைத்ரி இருக்கும் ஷிர்மாக்கர் பாறைத்திட்டையே எடுத்துக்கொள்வோம். பரப்பு 35 சதுர கிலோமீட்டர். 500 மீட்டர் கட்டத்தில் அது மொத்தமே 140 கட்டங்கள். அங்கே உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகளில் பெரும்பாலானவை ஒரு கட்டத்துக்குள்ளேயே கரைந்துபோகும். ரீமாவில் அதே திட்டு 87.5 லட்சம் கட்டங்கள். பாறை மேடுகளும், ஏரிகளைச் சுற்றிய சரிவுகளும், தெற்கே உயர்ந்து நிற்கும் பனிச்சுவரின் விளிம்பும் தனித்தனியே தெரியும். முழுக் கண்டத்தையும் 2 மீட்டரில் கேட்டால் 3.5 லட்சம் கோடி கட்டங்கள், சுருக்காத கோப்பாகச் சுமார் 14 டெராபைட். சுவர் அளவுப் படத்துக்குக்கூட அது தேவையில்லை. அதே தரவின் 100 மீட்டர், 500 மீட்டர் வடிவங்கள் தனியே கிடைக்கின்றன.

## இரண்டை ஒட்டுவதா?

மேலே ரீமா, கீழே ஐபிசிஎஸ்ஓ என்று தாமே ஒட்டிக்கொள்வது அழகான படத்துக்குப் பலர் நாடும் வழி. நானும் அதைத்தான் முதலில் செய்தேன். ராஸ் தீவின் கரையோரம் முழுக்க நீருக்கு அடியில் போயிருந்தது. வீழ்ப்புப் பிழை என்று நினைத்து ஒரு நாள் முழுதும் வீணடித்தேன். பிழை சுழியில் இருந்தது. ரீமாவின் உயரங்கள் நீள்கோளத்திலிருந்து அளந்தவை. அந்தப் பகுதியில் கடல்மட்டம் நீள்கோளத்துக்கு 50 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. அதனால் கடல்மட்டத்தில் கிடக்கும் தட்டையான கடல்பனிகூட ரீமாவில் சுழிக்குக் கீழே ஐம்பது சொச்சம் என்று வரும். பெட்மெஷின் கோப்பில் உள்ள ஜியாய்டு அடுக்கை ரீமாவின் உயரத்திலிருந்து கழித்தால் தீர்ந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணைக் கழித்துச் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது. இந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும்.

அடுத்த தையல் கரைக்கோடு. பனித்தட்டின் முகப்பு நிலையாக நிற்பதில்லை. 2017 ஜூலையில் லார்சன் சி தட்டிலிருந்து ஏறக்குறைய 5,800 சதுர கிலோமீட்டர் பனி ஒரே துண்டாகப் பிரிந்தது. 2022 மார்ச்சில் காங்கர் பனித்தட்டு முழுதும் உடைந்துபோனது. இரண்டு தரவுகளும் இரண்டு வேறு ஆண்டுகளின் முகப்பைக் கொண்டிருந்தால், ஒட்டும் இடத்தில் பனியும் இல்லாத, கடலடியும் இல்லாத ஒரு கீற்று மிஞ்சும். மென்பொருள் அதைச் சுழியால் நிரப்பிவிடும், படத்தில் பச்சைக் கடற்கரை ஒன்று முளைத்துவிடும்.

முழுக் கண்டத்துக்கும் சுவர்ப்படம் வேண்டுபவருக்கு இந்த ஒட்டுவேலை தேவையே இல்லை என்பது என் கருத்து. பெட்மெஷினின் மேற்பரப்பு ரீமாவிலிருந்தும், அதன் கடல் ஆழங்கள் ஐபிசிஎஸ்ஓவிலிருந்தும் எடுக்கப்பட்டவை. சுழியும் கரையும் அங்கே ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கின்றன. 50 பாகை வரை கடல் வேண்டுமென்றால் ஐபிசிஎஸ்ஓவின் பனி மேற்பரப்புக் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை, ஒரு வளைகுடாவையோ ஓர் ஆய்வு நிலையத்தின் சுற்றுப்புறத்தையோ பெரிதாக்கிக் காட்டும்போதுதான் வருகிறது. அப்படிச் செய்யும்போது கடலின் மேல் ஐபிசிஎஸ்ஓவின் வகைக்குறி அடுக்கை மெல்லிய சாய்கோடுகளாகப் போட்டு, இடையீட்டால் நிரப்பிய கட்டங்களை மட்டும் அதில் மூடிவிடுகிறேன். நிலையத்துக்கு எதிரே கப்பல் வந்துபோகும் வழி மட்டும் கோடில்லாமல் வெளியே தெரியும்.